தொலைபேசியில் வந்த கட்டளை

1971-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் முற்பகலில், தில்லிப் பார்லிமெண்டு வீதியிலுள்ள ஸ்டேட் பாங்கில் தலைமைக் காசாளர் வேத பிரகாஷ் மல்ஹோத்ராவுக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. பிரதமரின் செயலாளர் ஹக்ஸர் பேசுவதாக முதலில் ஒரு குரல் கூறியது. அடுத்துப் பேசியது இந்திரா காந்தி அம்மையாரின் குரலை ஒத்திருந்தது. வங்காள தேசத்தின் பொருட்டு 60 லட்சம் ரூபாய் உடனே வேண்டும்; காரியம் மிக இரகசியமானது; குறிப்புச் சொல் கூறுபவரிடம் பணத்தை நேரில் ஒப்படைக்க வேண்டும்; இரசீதைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்பது கட்டளை.

கிழக்கு வங்காளத்தில் அப்போது போர் மூண்டிருந்தது. அகதிகள் எல்லை கடந்து வந்த வண்ணம் இருந்தனர். ஆதலின் செய்தி நம்பத் தக்கதாகவே தோன்றியது. வேடமிடுவோர் நாட்டு நடப்பை நன்கறிந்தே வேடமிடுகின்றனர்.

உடனிருந்த ஊழியர் இரசீதைப் பற்றிக் கேட்டபோது, திரும்பி வந்து தருவதாகச் சொல்லிவிட்டு, பணப்பெட்டியைப் பாங்கின் காரில் ஏற்றிக்கொண்டு மல்ஹோத்ரா புறப்பட்டார். வழியில் ஒருவர் குறிப்புச் சொல்லைக் கூறிக் காரில் ஏறினார். சற்றுத் தொலைவில் பெட்டியுடன் இறங்கி டாக்ஸியில் சென்றுவிட்டார். இரசீது பெறப் பிரதமர் இல்லம் சென்று விசாரித்தபோதுதான், அத்தகைய அழைப்பு எவரும் விடுக்கவில்லை என்பது தெரிந்தது.

அன்றே ரஸ்தம் சொராப் நகர்வாலா என்ற முன்னாள் இராணுவ அதிகாரி கைதானார். பணத்தின் பெரும்பகுதி மீண்டது. குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ள, மூன்றே நாளில் நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் வாக்குமூலத்தை மறுத்து மறுவிசாரணை கோரிய அவர், 1972 மார்ச்சில் காவலில் இருந்தபோதே மருத்துவமனையில் காலமானார். 1977-இல் நியமிக்கப்பட்ட நீதிபதி ஜகன்மோகன் ரெட்டி கமிஷனும் ஐயங்களை முற்றும் தீர்க்கவில்லை. அவ்வரசியல் வினாக்கள் ஒருபுறம் இருக்கட்டும். காசாளர் சோதிக்காதவர் அல்லர். பணம் கைமாறிய பின்பு சோதித்தார். இரகசியமும் அவசரமும் பெரிய பதவியின் பெயரும் சேர்ந்து அந்த வரிசையைப் புரட்டிவிட்டன.

இன்று அந்தக் காசாளரின் நாற்காலி நம் ஒவ்வொருவர் கையிலுள்ள தொலைபேசிக்குள் வந்துவிட்டது. ‘கே.ஒய்.சி. முடியவில்லை, கணக்கு முடங்கும்’ என்கிறது ஒரு குரல். ‘டிஜிட்டல் கைது’ என அச்சுறுத்துகிறது மற்றொன்று. அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. பம்பாயிலோ நாகபுரியிலோ வாழும் நம்மவரிடம் பாங்கு அதிகாரி என ஒருவர் இனிய தமிழில் பேசினால் மனம் நெகிழ்வது இயல்பே. ஆயினும் தமிழ் பேசுவது ஒருவருடைய உத்தியோகத்துக்குச் சான்றாகாது. அழைப்பைத் துண்டித்து, பாங்கு அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே பேசிக் கேட்கலாம். ஓ.டி.பி.யையும் இரகசிய எண்ணையும் எந்தப் பாங்கும் கேட்பதில்லை. யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடவேண்டிய தேவையே இல்லை.

பணம் போய்விட்டதெனில், எம்மாநிலத்தில் இருப்பினும் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். களவுபோன தொகை விரைவில் பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். அதற்குமுன் தகவல் கிட்டினால் அதனை ஆங்காங்கே நிறுத்திவைக்கப் பாங்குகளால் இயலும்.