மருந்து தின்ற மண்

சைதாப்பேட்டை தொடங்கித் தாம்பரம் கடந்து படப்பை வரையில் நீளும் தென் சென்னைப் பிரதேசத்தை, ரயில் நிலையங்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த இடமாக மாத்திரம் அறிந்திருக்கிற இன்றைய தலைமுறையினர், தென்னிந்தியாவில் மண்ணைப் பற்றிய சாஸ்திர விசாரணை முதலில் வேரூன்றிய நிலங்களுள் இதுவும் ஒன்று என்பதை அநேகமாக நினைத்துப் பார்ப்பதில்லை. 1868ஆம் ஆண்டிலேயே சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளி ஏற்பட்டுவிட்டது. அது வளர்ந்து கல்லூரியாகி, 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, இறுதியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக விரிந்த கதையைக் கோவைக்காரர்கள் பெருமையுடன் சொல்வார்கள். சைதாப்பேட்டைக்காரர்களுக்கோ அந்தப் பண்ணை எங்கே இருந்தது என்று காட்டக்கூடத் தெரியாது.

கிருஷி சாஸ்திரம் இவ்விதம் மேற்கே போய்விட்ட முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1937இல், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலையூர்க் காட்டிலிருந்து 360 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதற்குக் கிடைத்தது. ரசாயனப் பேராசிரியராயிருந்தும் தாவரங்களிடம் தீராத பற்றுக்கொண்ட எட்வர்ட் பார்ன்ஸ் போன்றவர்கள், வகுப்பறைகளைச் சுற்றிப் பூந்தோட்டம் போடுவதோடு திருப்தியடையாமல், அந்தப் புதர்க்காட்டையும் பேணி வளர்த்தார்கள். அதன் பயனாக, ஏர் படாத மண் ஒரு பெரும்பரப்பில் அங்கே தங்கியது. அது எதற்கு உதவும் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

காட்டுக்கு வெளியே எல்லாம் ஏரிப்பாசனம். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று ஊருக்கு ஓர் ஏரியும் அதன்கீழ் நெல் வயலுமாக இருந்த இப்பக்கத்திற்கும், சுதந்திரத்திற்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளில், தேசத்தின் பிற பகுதிகளுக்கு வந்ததைப் போலவே பூச்சிமருந்து வந்து சேர்ந்தது. 1952இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் பி.எச்.சி. உற்பத்தி தொடங்கிற்று, அடுத்த சில ஆண்டுகளில் டெல்லியில் டி.டி.டி. தொழிற்சாலையும் எழுந்தது. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட பிறகும், பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1968இல்தான் பிறந்தது. மருந்தடிக்காத வயலில் மகசூல் இல்லை என்று குடியானவர்கள் நம்பத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுவே.

அடித்த மருந்தெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு முக்கியமான ஒரு விடை, தற்செயலாக, பிலிப்பைன்ஸ் தேசத்து நெல் வயலொன்றில் கிடைத்தது. அங்குள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், புகையானை ஒழிப்பதற்காக டயசினான் என்னும் மருந்தை வயல் நீரில் இட்டு வந்தார்கள். முதலில் நன்றாக வேலை செய்த மருந்து, அதே வயலில் திரும்பத் திரும்ப இட்டபோது, சில நாட்களிலேயே நீரிலிருந்து மறைந்துபோகத் தலைப்பட்டது. பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதோ என்று ஐயுறுவதே இயல்பாயிருக்க, நம் நாட்டு விஞ்ஞானியான என். சேதுநாதனும் ஜப்பானியரான யோஷிதாவும் வயலின் நீரையும் சேற்றையும் சோதித்து, டயசினானையே உணவாகக் கொண்டு வாழும் ஃபிளேவோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து, 1973இல் உலகுக்கு அறிவித்தார்கள். அது பாரத்தியானையும் பிளந்தது. அதே ஆண்டில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சேதுநாதனும் அவரது சகாக்களும் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். பாரத்தியானிட்டு நீர் தேக்கிய வண்டல் மண்ணிலிருந்து அவர்கள் பெற்ற இரண்டு நுண்ணுயிர்களுள், சூடோமோனாஸ் பாரத்தியானைப் பிளந்து, அதிலிருந்து வரும் பாரா நைட்ரோபீனாலையும் சிதைத்தது. பாசில்லஸோ முழு மருந்தைத் தொடமாட்டாமல், பிளவுபட்ட பொருளை மட்டுமே சிதைத்தது.

மஞ்சள் நிறமுடைய இந்தப் பாரா நைட்ரோபீனால்தான் மருந்து தின்னும் நுண்ணுயிரைப் பிரித்தெடுக்கும் கலையைச் சாமானியக் கலாசாலைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பது என் அபிப்பிராயம். விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் என்ன? குடுவையில் மஞ்சள் தோன்றுவதையும் வெளிறுவதையும் கண்ணாலேயே காணலாம். உப்புக்கள் மட்டும் கரைந்த நீரில் பூச்சிமருந்தைத் தவிர வேறு கார்பன் உணவு எதையும் வைக்காமல், ஒரு சிட்டிகை வயல் மண்ணைப் போட்டுக் குலுக்கி, ஒரு வாரம் கழித்து அதில் கொஞ்சம் எடுத்துப் புதுக்குடுவைக்கு மாற்றி, அதை மறுபடியும் மாற்றி, இறுதியில் அகார்த் தட்டில் தேய்த்து வளர்க்கும் முறை, ஹாலந்து தேசத்து நுண்ணுயிரியலாளர் பெயரிங்க் நூறாண்டுக்கு முன்பே வகுத்துத் தந்த முறை. இளங்கலை மாணவன் ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கக்கூடியது. ஆகவேதான் நுண்ணுயிரியல் பாடமுள்ள கல்லூரிகளில் இத்தலைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது.

மீண்டும் வருவதில் குற்றமில்லை. மண் எந்த ஊரது, அதில் என்ன மருந்து எத்தனை போகம் விழுந்தது என்பதை எழுதாமல், சூடோமோனாஸ் கிடைத்தது என்ற ஒரே வாக்கியத்தில் ஆராய்ச்சியை முடித்துவிடுவதுதான் குற்றம். டயசினான் கதை காட்டுவது என்ன? மருந்து தின்னும் திறம் மண்ணுக்கு எங்கும் ஒரே அளவில் அமைந்ததன்று; அடிக்கடி மருந்துண்ட வயலில் அது மிகுகிறது. 1863இல் பல்லாவரத்துச் சரளை மண்ணில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்த கற்கோடரி, அங்கே உலவிய ஆதிமனிதனுக்குச் சாட்சியாக நிற்பது போல, இந்த நுண்ணுயிர்களும் அண்மைக் காலத்து விவசாயத்துக்குச் சாட்சி கூறுகின்றன. கல் அழியாது, இவையோ வயலை மேடிட்டு மனை பிரித்தால் நிலைப்பது சந்தேகம். சிதைவெல்லாம் நன்மை என்றும் நம்பிவிடக் கூடாது: எண்டோசல்பான் மண்ணில் மாறிப் பிறக்கும் எண்டோசல்பான் சல்பேட், தாயைப் போலவே விஷமுள்ளது, தாயைவிட நீண்டகாலம் நிலைப்பது. மருந்து மறைந்தது என்று எழுதும் மாணவன், மறைந்து என்னவாயிற்று என்பதையும் கேட்கக் கடமைப்பட்டவன்.

ஆகையால், தாம்பரத்துக் கலாசாலைகளின் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். முடிச்சூரிலும் அகரம்தென்னிலும் எஞ்சியிருக்கும் வயல்களின் மண்ணை இந்த ஆண்டே எடுப்பியுங்கள்; எந்த மருந்தை எத்தனை வருஷம் அடித்தார்கள் என்று அந்த வயலின் முதிய குடியானவரைக் கேட்டு முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்; ஏர் காணாத கல்லூரிக் காட்டு மண்ணை ஒப்பீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோதியுங்கள்; பயனுள்ள உயிர் கிடைத்தால் அதைப் பரீட்சை முடிந்ததும் சாக்கடையில் கொட்டாமல், சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பு நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள்.