உயிலில் ஒரு பத்தி

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் முதற்கண் முதியோரின் வாய்மொழியை நாடுவர். அடுத்துத் திருமண அழைப்பிதழ்களைத் தேடுவர். உயிலைத் தேடுவோர் மிகச் சிலரே. நம் வட்டத்துக் கவிஞர்கள் கொள்ளுப்பாட்டியரைப் பாடிய அளவுக்கு அவர்தம் ஆவணங்களைப் புரட்டியதில்லை என்பதை உரிமையோடு சொல்லலாம்.

பச்சையப்ப முதலியார் கல்லூரிக்கென்றே உயில் எழுதிவைத்தார் என்பது பலரும் கூறும் செய்தி. 1794 மார்ச்சில் எழுதப்பெற்ற அவ்வுயிலோ திருக்கோயில் அறங்களுக்கே பொருள் ஒதுக்கியது. பல்லாண்டு வழக்குகளில் சிக்கி, வட்டியோடு பெருகிய நிதியின் மிச்சம், அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியாலும் நீதிமன்றத்தின் ஆணையாலும் கல்விக்குத் திரும்பிற்று. 1842இல் பள்ளி எழுந்தது. நாடறிந்தவர் திறத்திலேயே நினைவும் ஆவணமும் இவ்வளவு விலகுமாயின், நம் வீட்டுக் கதைகள் எம்மாத்திரம்?

வடசென்னையில் தேடுவோர் முதலில் அறியவேண்டுவது எல்லை. இராயபுரம் மாநகருக்குள் அமைந்தது. திருவொற்றியூரும் எண்ணூரும் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டமும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் நகரத்தில் எழுதிய உயிலுக்குப் புரொபேட் வேண்டும் என்றன; நகரில் மனையுடையார் வெளியே எழுதிய உயிலுக்கும் அவ்வாறே. ஆதலின் இராயபுரத்தார் உயில்களை உயர் நீதிமன்ற ஆவணங்களில் தேடலாம். திருவொற்றியூரிலோ 1927 பிறக்கும்வரை இந்து ஒருவர் வாய்ச்சொல்லாலேயே உயில் செய்ய இயன்றது. அங்குத் தாள் அகப்படாமையால் உயிலே இல்லை என முடிவு கட்டலாகாது. பதிவு செய்த உயிலாயின் சார்பதிவாளர் அலுவலகத்து மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்தபின் எவரும் நகல் கேட்கலாம். கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தை அந்நாளில் உயிலால் எழுதிவைக்க இயலாது என்பதையும் மறத்தலாகாது. மீன்பிடித்தோரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் இவ்வேடுகளில் அரிதாகவே தென்படுவர்.

என் தாய்வழிக் கொள்ளுப்பாட்டனார் இராயபுரத்தில் கிடங்கொன்றில் கணக்கெழுதியவர். அவருக்கு மனைவி ஒருவர், ஆண்மக்கள் மூவர் என்பதே நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. 1934இல் அவர் எழுதிய உயிலின் நகலைப் படிக்கையில் நான்காம் பத்தியில் நின்றுவிட்டேன். மூத்த தாரத்தின் மகளாகிய கைம்பெண் ஒருவர் பின்கட்டில் ஆயுள்வரை குடியிருக்கவும், மாதம் நான்கு ரூபாய் பெறவும் வழிசெய்திருந்தார். மூத்த தாரம் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை. ஆண்மக்கள் இருக்கையில் மகளுக்குத் தந்தை சொத்தில் பங்கில்லாத காலம் அது. அந்த ஒரு பத்தியே அவருக்கு இருந்த காப்பு.

அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். சிறுமியாக இருந்தபோது பின்கட்டில் ஒரு பாட்டி சோறு வடித்துப் போடுவார் என்றும், அவரைச் சமையற்காரி என்றே பிள்ளைகள் எண்ணியிருந்தோம் என்றும் பிறகு சொன்னார்.

அந்த நான்கு ரூபாய் கடைசிவரை கொடுக்கப்பட்டதா என்பதை உயில் சொல்லாது. அதற்கு அவ்வீட்டுச் செலவுக் கணக்கேடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.