ஓவியம் கட்டிய ஊர்

ஒரு தலைநகரத்தைத் தரைமட்டமாக்க எத்தனை நாளாகும்? ஹிட்லரின் ஆட்களுக்குச் சில மாதங்கள் போதுமானதாக இருந்தன. 1944 ஆகஸ்டில் போலந்தின் வார்சா நகரில் கிளர்ச்சி வெடித்தது. அக்டோபரில் அடங்கியது. அதற்கப்புறம்தான் நிஜமான அழிவு. ஜனங்களை வெளியே துரத்திவிட்டு, மிச்சமிருந்த கட்டடங்களை வரிசையாக வெடிவைத்துத் தகர்த்தார்கள். பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் காலி.

இன்றைக்குப் போய்ப் பாருங்கள். அந்த வீதிகள் ஜம்மென்று நிற்கின்றன. எப்படி? பதிலில் ஒரு பகுதி, 1780-லேயே செத்துப்போன ஓர் ஓவியரிடம் இருக்கிறது. பெயர், பெர்னார்டோ பெலொட்டோ.

கதை வெனிஸில் தொடங்குகிறது. பெலொட்டோவின் தாய்மாமன் கனலெட்டோ (1697-1768) அங்கே பெரிய புள்ளி. நாடகத்துக்கு சீன் வரைகிற குடும்பம். தட்டையான திரையில் நீளமான தெருவைக் காட்டுகிற வித்தை அப்பாவிடமிருந்து வந்தது. மகன் நாடகத்தை விட்டுவிட்டு ஊரையே வரைய ஆரம்பித்தார். நல்ல வியாபாரம். கேமரா இல்லாத காலம், இல்லையா? சுற்றுலா வந்த இங்கிலாந்துப் பணக்காரர்கள், வெனிஸைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்பட்டார்கள்.

மாமாவின் பட்டறையில் மருமகன் சிறுவனாகச் சேர்ந்தான். என்ன கற்றுக்கொண்டான்? முதலில், தெருவுக்குப் போய்ப் பென்சிலால் குறிப்பெடுப்பது. லென்ஸ் பொருத்திய இருட்டுப் பெட்டி ஒன்று உண்டு. எதிரே இருக்கும் காட்சி உள்ளே காகிதத்தில் விழும், அதன் மேலேயே கோடு போட்டுக்கொள்ளலாம். பிறகு பட்டறை. துணிக்கு அடிவண்ணம். ஸ்கேல் வைத்துக் கட்டடக் கோடுகள், வளைவுகளுக்குக் காம்பஸ். அப்புறம்தான் எண்ணெய் வண்ணம். அது லேசில் காயாது. ஒரு பூச்சு காயக் காத்திருந்து, அதன் மேல் மெல்லிசாக இன்னொன்று ஏற்ற வேண்டும். நிழலுக்கு ஆழம் வருவது அப்படித்தான். கடைசியில் மனிதர்கள், நாய்கள். சுவரில் காரை பெயர்ந்திருந்தால் அதுவும் படத்தில் வரவேண்டும்!

1738-ல், இருபது வயதுகூட ஆகாதபோதே, பெலொட்டோ வெனிஸ் ஓவியர் சங்கத்தில் உறுப்பினர். 1747-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போய் அரசவை ஓவியரானார். மாமாவின் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பிராண்ட் மதிப்பு தெரிந்தவர்.

1760-ல் பிரஷ்யப் படை டிரெஸ்டன் மேல் குண்டு வீசியது. பெலொட்டோவின் வீடும் போயிற்று. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? 1765-ல், இடிந்து நின்ற புனிதச் சிலுவை ஆலயத்தை, சிதைந்த கோபுரமும் கல் குவியலுமாக அப்படியே வரைந்துவைத்தார்.

பிறகு வார்சா. போலந்து மன்னர் ஸ்தானிஸ்லாவ் அகஸ்து வேலை கொடுத்தார். 1770-களில் அரண்மனைக்காக நகரத்தை இருபதுக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தார் பெலொட்டோ. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் அவற்றைக் கொள்ளையடித்துப் போக, போருக்குப்பின் படங்கள் திரும்பி வந்தன.

படங்கள் திரும்பியபோது ஊர் இல்லை. கட்டடக் கலைஞர்கள் வேலையில் இறங்கினார்கள். படங்களை மட்டும் நம்பி அல்ல. வார்சா பாலிடெக்னிக்காரர்கள் ஒளித்துக் காப்பாற்றிய அளவு வரைபடங்கள் இருந்தன, புகைப்படங்கள் இருந்தன. ஆனால் அரண்மனையிலிருந்து தெற்கே போகும் ராஜவீதியின் முகப்புகளுக்கு பெலொட்டோதான் வழிகாட்டி. அதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பின்னாளில் ஒட்டவைத்த மாற்றங்களைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். எழுந்தது 1939-ன் வீதி அல்ல, பெலொட்டோ பார்த்த வீதி.

1980-ல் யுனெஸ்கோ, வார்சாவின் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெலொட்டோ செத்துச் சரியாக 200 வருஷம்.

உங்கள் தெருமுனையில் யாராவது பையன் ஸ்டாண்டு போட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தால், ‘வேற வேலை இல்லையா’ என்று கேட்டுவிடாதீர்கள். ஜன்னல்களை மட்டும் சரியாக எண்ணச் சொல்லுங்கள்.