50 காசும் 58 காசும்



தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிபெயர எண்ணும் குடும்பம் முதலில் கேட்பது, "அங்கே சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். அந்தச் சம்பளம் அங்கே எதற்கெல்லாம் போதும் என்ற கேள்வி பிறகே எழுகிறது. இதில் நமக்கு வழிகாட்டும் ஒரு பழைய கணக்கை இன்று பார்ப்போம்.

மலாயாவில் 1920களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயக் கூலி வகுக்கப்பட்டது. அரிசி, மளிகைச் சாமான், துணிமணி எனத் தொழிலாளியின் செலவுகளைப் பட்டியலிட்டே கூலியைக் கணக்கிட்டார்கள். அப்பத்தாண்டின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதிகளில் ஆணுக்கு 58 காசு, பெண்ணுக்கு 46 காசு. பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்த அநீதி தனியே பேச வேண்டியது. இடத்திற்கு இடம் வேறுபட்டது ஏன்? உட்பகுதிக்குச் சாமான் வந்து சேரும் செலவு விலையில் ஏறியது. ஆகவே அந்த 8 காசு உயர்வு அல்ல, விலைவாசிக்கு ஈடு.

பிற்காலத்தில் இந்த நிலை தலைகீழாயிற்று. 1970களில் தொழிற்சாலைகள் பெருகின. பின்னர்ப் பல தோட்டங்கள் வீடமைப்புக்காக விற்கப்பட்டன. விரும்பிச் சென்றோரும் வேறு வழியின்றிச் சென்றோரும் கோலாலம்பூர்ப் பக்கம் குடியேறினர். தோட்டத்தில் லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. வேலைக்காட்டுக்கு நடந்தே போகலாம். கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை. கொல்லையில் முருங்கையும் கீரையும். இவை எதுவும் சம்பளச் சீட்டில் எழுதப்படவில்லை. பட்டணத்தில் ஒவ்வொன்றுக்கும் வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது.

சட்டமும் இதை ஒரு காலம் கணக்கில் எடுத்தது. 2020 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 1,200 வெள்ளி. மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. அன்றைய 8 காசு, 50 காசில் நூற்றுக்கு 16 பங்கு. இந்த 100 வெள்ளியோ நூற்றுக்கு 9 பங்குதான். 2022இல் 1,500 வெள்ளி என்றும், 2025இல் 1,700 வெள்ளி என்றும் எல்லா இடங்களுக்கும் ஒரே அளவு நடைமுறைக்கு வந்தது. சம்பளம் ஒன்று, வாடகை ஒன்றல்ல.

வாடகை கட்டுப்படியாகாமல் குடும்பம் வீடு மாற, ஓராண்டுக்குள் இரண்டு மூன்று பள்ளிகள் மாறிய பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். பட்டணம் போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. மேற்படிப்புக்கும் முன்னேற்றத்திற்கும் அங்கே வழியுண்டு. ஆனால் புறப்படும் முன், பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழிப்போம். இங்கே காசில்லாமல் கிடைப்பவற்றை இடப்பக்கம் எழுதுவோம். அங்கே அவற்றுக்குக் கொடுக்க வேண்டிய விலையை வலப்பக்கம் எழுதுவோம். சம்பளத்தை அதற்குப் பிறகு கேட்போம்.