காவல் கூலி

எறையூரில் என் அத்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். ஆலைக்குக் கரும்பு போய்ப் பணமும் வந்திருந்த சமயம். அத்தான் முகத்தில் அந்தத் தெம்பு தெரிந்தது. அப்போதுதான் அவருடைய கைபேசி மணி அடித்தது.

பேசியவனுக்கு நல்ல கம்பீரமான குரல். காவலர் நலச் சங்கத்திலிருந்து பேசுவதாகச் சொன்னான். பணியில் உயிர்நீத்த காவலர்களின் குடும்பங்களுக்காக மலர் ஒன்று வெளியிடுகிறார்களாம். கால் பக்க விளம்பரத்துக்கு ஐயாயிரம் ரூபாய். நாலு ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் மனிதர் எதை விளம்பரம் செய்வது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் சிரிக்கவில்லை.

"கொடுத்துத் தொலைத்துவிடலாம் தம்பி. நாளைக்கு டிராக்டரை ரோட்டில் மறித்தால் யாரிடம் போய் நிற்பது?" என்றார்.

அவர் தானமாக நினைத்துக் கொடுக்க முன்வரவில்லை. பயந்துதான் முன்வந்தார். என்னை யோசிக்க வைத்தது அதுதான். இரக்கத்துக்கும் அங்கே இடமில்லாமல் இல்லை. 1959-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் பக்கம் பத்துப் போலீஸ்காரர்கள் சீனப் படையின் குண்டுக்கு இரையானார்கள். அந்த நாளைத்தான் தேசம் முழுவதும் காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கிறோம். செத்தவர்கள் நிஜம், அவர்கள் குடும்பத்தின் கண்ணீரும் நிஜம். அதனால்தான் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கை தானாக மடிக்குப் போகிறது.

காவலின் பெயரால் பணம் கேட்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. எறையூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. அந்தக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த பதினெட்டாம் நூற்றாண்டில், இந்தப் பக்கம் அரியலூர், உடையார்பாளையம், துறையூர்ப் பாளையக்காரர்களின் செல்வாக்கில் இருந்தது. தமிழ்நாட்டில் அன்று இரண்டு வகைக் காவல் உண்டு. ஊருக்குள் இருப்பது ஸ்தலக் காவல். பல ஊர்களைச் சேர்த்து வலியவர் ஒருவர் பார்ப்பது தேசக் காவல். இரண்டுக்கும் குடிகள் நெல்லாகவோ பணமாகவோ அளக்க வேண்டும்.

கூலி கொடுக்காத ஊரில் என்ன நடக்கும்? மாடு காணாமற் போகும், வைக்கோற்போர் தீப்பற்றும். தொலைந்த மாட்டைப் பற்றித் துப்புச் சொல்லவும் பணம் கேட்பார்கள். அதற்குத் 'துப்புக் கூலி' என்று பெயர். கொண்டுபோனவனுக்கும் துப்புச் சொன்னவனுக்கும் நடுவில் அநேகமாக ஒரு வேலி இடைவெளிதான் இருக்கும்! ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசியாக வேண்டும். கூலி வாங்கிய காவல்காரன், பொருள் களவு போனால் மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு தர வேண்டும். வாங்கியவன் யார், அவன் வீடு எது என்பது ஊருக்கே தெரியும். திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்கலாம்.

1816-ஆம் வருஷத்துச் சட்டத்தால் கும்பினியார் ஊர்க்காவலை மணியக்காரர், தலையாரி வசம் சேர்த்தார்கள். வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்ததால் விளைந்த கொடுமைகளை 1855-இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் பக்கம் பக்கமாக எழுதி வைத்தது. 1859-இல் தனிப் போலீஸ் இலாகா வந்தது. அப்படியும் பழைய காவல் கூலி பல ஜில்லாக்களில் ஒழியவில்லை.

காவேரிக்குத் தெற்கே, திண்டுக்கல் பக்கத்தில், 1896-இல் குடியானவர்கள் பொறுமை இழந்தார்கள். இனிக் காவல் கூலி தருவதில்லை என்று கூடிப் பேசினார்கள். தங்கள் ஆட்களையே காவலுக்கு வைத்தார்கள். மாடு பறிகொடுத்தவனுக்கு நஷ்டம் கட்டித் தர ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். 'ஃபண்டு' என்ற இங்கிலீஷ் வார்த்தை 'பண்டு' ஆயிற்று. சம்பவத்துக்கே 'பண்டுக் கலகம்' என்று பெயர் விழுந்தது. அதில் அடிதடியும் தீவைப்பும் நடந்தன. அதை நான் புகழ வரவில்லை. நான் வியப்பது அந்தப் பண்டைத்தான். காசு போட்டவனுக்குக் காசு எங்கே போகிறது என்று தெரியும்.

இன்றைய நிலைமை என்ன? 1966-ஆம் வருஷத்து மத்திய சட்டம் ஒன்று, போலீஸ்காரர்கள் அனுமதியின்றித் தொழிற்சங்கம் போன்றவற்றில் சேரக்கூடாது என்கிறது. ஆகவே 'காவலர் சங்கம்' என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதில் காவலர் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் போலீஸ் பெயரைச் சொல்லி டெலிபோனில் நன்கொடை கேட்பது ஒரு பெரிய வியாபாரம். போலீஸ் மட்டுமல்ல, போர்வீரர் பெயரும் அங்கே விலைபோகும். வியட்நாம் போர்வீரர்களுக்கென்று இலினாய் மாகாணத்தில் வசூல் செய்த ஒரு கம்பெனி, டாலருக்கு எண்பத்தைந்து சென்ட் தானே எடுத்துக்கொண்டது. வழக்கு 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பெரும்பங்கை எடுத்துக்கொண்டது மட்டுமே குற்றமாகாது, ஆனால் கொடுப்பவரைப் பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் மோசடி வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பாயிற்று.

இதையெல்லாம் அத்தானிடம் சொன்னேன். பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. "அப்போ என்ன கேட்கணும், அதைச் சொல்லு" என்றார்.

சங்கத்தின் முழுப் பெயர், பதிவு எண், எந்த ஜில்லாப் பதிவாளரிடம் பதிவானது, பணம் யார் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறது, ரூபாயில் எத்தனை பைசா குடும்பங்களுக்குச் சேர்கிறது என்று ஒரு பழைய ஆலைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். கேட்டவனிடமே கேட்டுவிட்டு நிற்காமல் ஸ்டேஷனிலும் விசாரிக்கச் சொன்னேன். அத்தான் தயங்கித் தயங்கித்தான் போனார். அந்தப் பெயரில் ஒரு சங்கத்தைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்று ஏட்டு சொன்னாராம். பணம் கேட்டு மிரட்டினால் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினாராம். ஸ்டேஷனுக்குப் போய்விட்டு இத்தனை சந்தோஷமாகத் திரும்பிய மனிதரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அதே குரல் கூப்பிட்டது. அத்தான் சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். பதிவு எண்ணுக்கு, "ஆபீஸில் இருக்கிறது" என்று பதில். கணக்கு யார் பெயரில் என்றதும், ஒரு தனி மனிதர் பெயர் வந்தது. "போலீஸ் மேலேயே சந்தேகமா ஐயா?" என்று குரல் கொஞ்சம் உயர்ந்தது.

சீட்டில் இல்லாத ஒன்றை அத்தானே கேட்டார்: "சரி தம்பி, பணம் தர்றேன். என் மாடு களவு போனா நீ ஈடு கட்டுவியா?"

அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு இணைப்பு அறுந்தது. அத்தான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெட்டாட்களுக்குக் கூலி கொடுக்கக் கொல்லைப் பக்கம் நடந்தார்.