அணையின் கணக்கும் லயத்தின் கணக்கும்

டிக்கோயாவிலிருந்து நோர்வூட் நோக்கிச் செல்வோர் சாலையோரத்தே ஒரு பெரும் நீர்ப்பரப்பைக் காண்பர். கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டப்பட்டு 1965இல் பயனுக்கு வந்த காசல்ரீ நீர்த்தேக்கம் அது. அதைச் சூழ்ந்து தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள். அணையையும் லயத்தையும் அருகருகே வைத்து நோக்கினால், பொறியியலறிவு இம்மலைநாட்டில் யாருக்காக உழைத்தது என்னும் கேள்விக்கு விடை கிடைக்கும்.

இந்த அணைக்கு வித்திட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. இம்மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுத்து நாட்டின் தொழில்களை வளர்க்கலாம் என்று 1918இலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் ஆய்வுரை வைத்தார். 1920களில் தொடங்கிய லக்சபானத் திட்டப்பணி பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1931இல் அரசாங்க சபைக்குத் தேர்தலில் வென்று சென்று, தம் திட்டத்துக்காக அங்கே வாதாடினார். 1950இல்தான் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. வரைபடத்தில் கையொப்பமிட்டதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

காசல்ரீ அணை தன் எடையினாலேயே நீரைத் தாங்கி நிற்கும் வகையைச் சேர்ந்தது. இத்தகைய அணையை வடிவமைப்பது எளிதன்று. நீரின் ஆழம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்; அணையைக் கவிழ்க்க முயலும் ஆற்றலோ எட்டு மடங்காகும். மேலும், அடித்தளத்தின் கீழே கசிந்து புகும் நீர் அணையை மேல்நோக்கித் தூக்கும். இவ்விசையைக் கணக்கில் எடாததால் பிரான்சு நாட்டின் பூசே அணை 1895இல் உடைந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கசிவையும் எண்ணிப் பாராமல் அணை கட்டலாகாது என்பதைப் பொறியியலுலகம் கற்றுக்கொண்டது.

இனி லயத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சில காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. அதற்குள் ஒரு குடும்பம் சமைக்கவேண்டும், உறங்கவேண்டும், பிள்ளை பெறவேண்டும். மகனுக்குத் திருமணமானால் அதே காம்பராவில் ஒரு சேலை சுவராகும். அணைக்கட்டில் கசியும் ஒவ்வொரு துளிக்கும் கணக்கு இருந்தது. கூரைத் தகரத்தில் ஒழுகும் மழைக்குக் கணக்கு இல்லை. இப்பள்ளத்தாக்கின் நீர் கொழும்புக்கு ஒளி கொடுத்த பின்னரும், பல பத்தாண்டுகள் எத்தனையோ லயங்களில் குப்பி விளக்கே எரிந்தது.

காரணம் என்ன? 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களின் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவராக்கியது. அணை நிறைவதற்கு முந்தைய ஆண்டில், 1964 ஒக்டோபரில், இரண்டு அரசாங்கங்கள் இவர்களையும் எண்ணிப் பார்த்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்படவேண்டியவர்கள். நீரைத் தேக்கி வைக்கக் கணக்கிட்ட அதே காலத்தில் மனிதரை வெளியேற்றவும் கணக்கிட்டார்கள்! நாட்டவர் என்று ஏற்கப்படாதவனுக்கு வீடு வரைந்து தருமாறு எந்த நிபுணரிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரிதும் நீங்கியது. ஆனால் மலையின் ஆபத்து நீங்கவில்லை. பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை, அறிந்தபடி செய்வாரில்லை. அண்மைக் காலத்தில் இந்திய உதவியுடன் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்துள்ளன. 2017இல் நோர்வூட் கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும் மண்ணைச் சோதித்து, சரிவை அளந்து, நீர் வடியும் வழி கண்டு எழுப்பிய வீடே வீடு.

வடிவமைப்பு மேசையில் அமரும் மூத்த பொறியியலாளர் தமக்கு ஊதியம் தருபவரின் தேவையை அறிவார். அக்கட்டடத்தின் கீழே, அதன் அருகே, யார் உறங்குகிறார்கள் என்பதையும் அவர் கேட்கவேண்டும். கேட்டும் பதில் வராவிட்டால், விமலசுரேந்திர சென்றதுபோல் சபையேறிக் கேட்கவேண்டும். காசல்ரீ அணைக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கு லயத்துக்குக் காட்டப்பட்டிருந்தால், இம்மலைநாட்டின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.