தேவதைக் கதைகளும் தணிக்கையும்

தேவதைக் கதைகளை இருண்ட காதல் நாவல்களாக மீள எழுதுவோர் இன்று பலர். சாரா ஜே. மாஸ் 2015 இல் வெளியிட்ட நாவல் 'அழகியும் மிருகமும்' கதையைத் தழுவியது. சிறுவர் கதைகளை இவர்கள் கெடுத்துவிட்டனர் என்போர் உளர். வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது.

ஜேர்மனியின் கிறிம் சகோதரர்கள் 1812 இல் வெளியிட்ட முதற்பதிப்பில், ஸ்னோ வைட்டைக் கொல்லத் துணிந்தவள் பெற்ற தாயே. 1819 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். கோபுரத்தில் அடைபட்ட ரபுன்ஸல், தன் ஆடை இறுகுவது ஏன் எனக் கேட்டு, தான் கருவுற்றிருப்பதை அறியாமலே வெளிப்படுத்திய இடமும் பின்னர் நீக்கப்பட்டது. ஆயினும், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளோடு அரசி செத்து விழும்வரை ஆடும் தண்டனை 1857 இன் இறுதிப் பதிப்பிலும் அப்படியே இருந்தது.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில், எது வெட்டப்பட்டது என்பதோடு எது விட்டுவைக்கப்பட்டது என்பதையும் நான் பார்ப்பதுண்டு. இங்கே சித்திரவதை தப்பியது. பெண்ணின் உடலும் தாயின் குற்றமும் மறைக்கப்பட்டன.

பிரான்சின் பெரோ 1697 இல் வெளியிட்ட 'நீலத்தாடி' கதையில், கொடிய கணவனிடமிருந்து நாயகியை மீட்போர் அவளது சகோதரர்கள். பிரித்தானிய எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979 இல் அதை மீள எழுதியபோது, துப்பாக்கியுடன் வந்து மகளைக் காப்பவள் தாய். இத்தகைய மீள்கூறல்களின் நியாயம் இதுவே என்பேன்.